குதிரைக்கு மாட்டுத் தீவனம் ஆகாது
டெல்டாப் பகுதியில் குதிரை வளர்ப்போர் அறிய வேண்டியவை

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுகின்றன. எல்லைப் பந்தயத்துக்காகவும், சவாரிக்காகவும், திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகவும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட விவசாயிகளில் சிலர் அங்கும் வேறு சந்தைகளிலும் குதிரை வாங்கி வருகிறார்கள். வாங்கி வந்த குதிரையை மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் கட்டி, மாட்டுக்குப் போடுவதையே அதற்கும் போடுகிறார்கள். சில மாதங்களில் குதிரை மெலிகிறது, அல்லது நொண்டுகிறது. சில நேரங்களில் ஒரே இரவில் வயிற்று வலியால் மாண்டு போகிறது. போட்ட முதலும் போகிறது. வாயில்லாப் பிராணியும் வேதனைப்பட்டுச் சாகிறது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் குதிரையைப் பெரிய மாடாக நினைப்பதுதான். மாடு அசைபோடும் பிராணி, குதிரை அசைபோடாது. உம்பளச்சேரி மாடு சேற்றில் உழைப்பதற்கென்றே நம் முன்னோர் பொறுக்கி வளர்த்த இனம். குதிரையோ வறண்ட புல்வெளியின் பிராணி. இந்த இரண்டு வேறுபாடுகளை நன்றாகப் புரிந்துகொண்டால் குதிரை வளர்ப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பாடம்

இது நமக்குப் புதிய தொல்லையும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சோழநாடு பாண்டியர் ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில், இத்தாலியப் பயணி மார்க்கோ போலோ தமிழகக் கடற்கரைக்கு வந்தார். இங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அரபு நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைக்கிறார்கள் என்றும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள் கூட மிஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதி வைத்தார். அவருடைய எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணங்கள் கவனிக்கத்தக்கவை. குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர்கள் இல்லை. குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போடுகிறார்கள் என்பவையே அவை.

பின்னாளில் குதிரை பற்றிய அறிவு நம்மிடையே வளர்ந்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் குதிரையின் இலக்கணங்களையும் நோய்களையும் கூறும் அசுவ சாஸ்திரம் வண்ணப் படங்களுடன் உள்ளது. ஆனால் அந்த அறிவு அரண்மனை லாயங்களோடும், பிறகு ஜட்கா வண்டிக்காரர்களோடும் நின்றுவிட்டது. ஜட்கா வண்டிகள் மறைந்தபோது லாடக்காரர்களும் மறைந்தார்கள். இன்று குதிரை வாங்கும் விவசாயி பெரும்பாலும் துணைக்கு ஆளின்றித்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

‘வார்ம்பிளட்’ என்றால் என்ன?

சந்தையில் ‘வெளிநாட்டு ரத்தம்’, ‘வார்ம்பிளட் கலப்பு’ என்று சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். இச்சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாக் குதிரைகளின் உடல் வெப்பமும் ஒன்றுதான்: 37.5 முதல் 38.5 டிகிரி சென்டிகிரேடு. இங்கே ரத்தம் என்பது குணத்தையும் பரம்பரையையும் குறிக்கும். வேகமும் துடிப்பும் மிகுந்த அரபுக் குதிரை, பந்தயத்துக்குரிய தரோபிரெட் ஆகியவை சூடான ரத்த வகை. ஐரோப்பாவில் ஏரும் பாரவண்டியும் இழுத்த, சாதுவான பெருத்த குதிரைகள் குளிர்ந்த ரத்த வகை. இவ்விரு வகைகளின் குணங்களும் சேரும்படி, பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவையே வார்ம்பிளட் இனங்கள்.

இவற்றில் புகழ்பெற்ற ஹனோவேரியன் இனம் விவசாயிகளின் வீட்டில் வளர்ந்தது என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தியாக இருக்கும். ஜெர்மனியில் செல்லே என்னுமிடத்தில் 1735-இல் அரசாங்கப் பொலிகுதிரைப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. அங்கிருந்த நல்ல ஆண் குதிரைகளைச் சுற்று வட்டார விவசாயிகள் தங்கள் பெண் குதிரைகளுக்குச் சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் ஏர் உழுதன, வண்டி இழுத்தன, குதிரைப் படைக்கும் போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்து குதிரைக்கு வயலில் வேலை இல்லாமற் போனபோது, விவசாயிகள் அதே குதிரைகளை விளையாட்டுக்கு ஏற்றபடி மாற்றி வளர்த்தார்கள். இன்று உலகப் போட்டிகளில் தடை தாண்டுவதும், டிரெஸ்ஸாஜ் என்னும் நடைப்பயிற்சி காட்டுவதும் பெரும்பாலும் வார்ம்பிளட் குதிரைகளே. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குழு டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982 டெல்லிப் போட்டிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து நமக்குக் கிடைத்த தங்கம் அது.

நல்ல வார்ம்பிளட் குதிரை தோள்மேட்டில் 160 முதல் 175 செ.மீ. உயரமும், 500 முதல் 650 கிலோ எடையும் இருக்கும். சாய்ந்த தோள், வலுவான இடுப்பு, உறுதியான பின்னங்கால், படபடக்காத குணம் ஆகியவை இதன் இலக்கணம். மெதுவாக முதிரும் இனமாகையால் நான்கு வயதுக்கு முன் கடும் வேலை கொடுக்கக் கூடாது. நம் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டக்குதிரை, இவற்றின் கலப்புகள் ஆகியவையே. உயரமான குதிரையெல்லாம் வார்ம்பிளட் ஆகிவிடாது. பரம்பரையைக் காட்டும் பதிவுச் சான்று இல்லாமல் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். எந்த இனமானாலும் வயிறும் குளம்பும் ஒன்றே. பராமரிப்பும் ஏறக்குறைய ஒன்றே.

குதிரையின் வயிறு

மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மாடு அவசரமாக விழுங்கி, பிறகு படுத்து அசைபோட்டு, நுண்ணுயிர்களின் உதவியால் வைக்கோலையும் செரிக்கும். குதிரையின் இரைப்பை, பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர் அளவுதான். நார்ப்பொருள் செரிப்பது குடலின் பின்பகுதியில், குருட்டுக் குடலிலும் பெருங்குடலிலும். ஆகவே குதிரை கொஞ்சம் கொஞ்சமாக, நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கும்படி அமைந்த பிராணி. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒவ்வாமல் புளித்துப் பொங்கினால் வெளியேற வழியின்றி இரைப்பை வெடித்து இறப்பதும் உண்டு.

இதிலிருந்து நான்கு விதிகள் பிறக்கின்றன. முதலாவது, அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, புல்தான் முதன்மை உணவு. தானியம் துணை உணவு. மூன்றாவது, தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். நான்காவது, சுத்தமான தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெரிய குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் குடிக்கும். கோடையில் இதற்கு மேலும் தேவைப்படும்.

நெல் வீட்டில் உள்ள ஆபத்துகள்

நம் வீடுகளில் மாட்டுக்குக் கொடுக்கும் பல பொருள்கள் குதிரைக்குக் கெடுதல் செய்யும்.

கழுநீரும் பழைய சோறும்: விருந்து முடிந்து மிஞ்சிய சோற்றைக் குதிரைக்கு வைக்கக் கூடாது. அது விரைவில் புளித்து வயிற்று வலியை உண்டாக்கும். மார்க்கோ போலோ கண்ட தவறு இதுவே.

நெல்லும் குருணையும்: அறுவடைக் காலத்தில் கட்டவிழ்ந்த குதிரை களத்து நெல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டால், வயிற்று வலியோடு குளம்பு அழற்சியும் வரும். அடுத்த ஓரிரு நாளில் குளம்பு சுடும். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் தாங்கி நிற்கும். கவனிக்காவிட்டால் நிரந்தரமாக நொண்டியாகிவிடும். நெல்லைத் தின்றது தெரிந்த உடனேயே, நோய்க்குறி தோன்றும் வரை காத்திராமல், மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும் வரை குளம்புகளைக் குளிர்ந்த நீரிலோ பனிக்கட்டி நீரிலோ வைத்திருப்பது நன்று.

தவிடு: அரிசித் தவிட்டில் மணிச்சத்து மிக அதிகம்; சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குதிரைக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. மணிச்சத்தைவிடச் சுண்ணாம்புச் சத்து சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் தவிடே உணவானால், குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். முக எலும்பு இரு பக்கமும் வீங்கும், நடை தட்டும், எலும்பு எளிதில் முறியும். மேலை நாட்டில் இதற்குப் ‘பெருந்தலை நோய்’ என்றே பெயர். அங்கே மாவு அரைக்கும் ஆலைக்காரர்களின் குதிரைகளுக்குத் தவிடு தின்று இந்நோய் அதிகம் கண்டது.

வைக்கோல்: வைக்கோலில் சத்து குறைவு, மணல்சத்தான சிலிக்கா அதிகம், சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சலேட்டும் உண்டு. வைக்கோல் மட்டும் தின்று, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். அறுவடை இயந்திரம் அறுத்துப் போட்டு, மழையில் நனைந்து, கட்டாகச் சுருட்டிய வைக்கோலில் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதன் தூசு குதிரையின் நுரையீரலைக் கெடுத்து, தீராத இருமலை உண்டாக்கும். பூஞ்சண வாடை வீசும் வைக்கோலைப் படுக்கைக்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

கோழித் தீவனம்: கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமல் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பது உண்டு. கோழி தாங்கும் அளவு குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். சில நாடுகளில் மாட்டுத் தீவனத்திலும் மோனென்சின் சேர்ப்பது வழக்கம். ஆகவே கோழித் தீவன மூட்டையைக் குதிரை எட்டாத இடத்தில் வையுங்கள். என்ன சேர்ந்தது என்று தெரியாத எந்தக் கலப்புத் தீவனத்தையும் குதிரைக்குப் போடாதீர்கள்.

சூபாபுல்: சவுண்டல் என்றும் கூறும் இம்மரத் தழையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்துவிடும். கம்பு நேப்பியர் போன்ற ஒட்டுப்புற்களில் ஆக்சலேட் இருப்பதால், அவற்றை மட்டுமே நம்பாமல் மற்றப் புல்லோடு கலந்து கொடுக்க வேண்டும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலின் வரப்புப் புல்லை அறுக்கவே கூடாது.

எடையும் தீவன அளவும்

குதிரையின் எடையை நாடாவைக் கொண்டே ஏறத்தாழக் கணக்கிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் எடை சுமார் 246 கிலோ.

ஒரு நாளைக்குத் தேவையான தீவனம், ஈரம் நீக்கிய கணக்கில், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இதில் குறைந்தது ஒன்றரைப் பங்கு புல்லாகவும் உலர்புல்லாகவும் இருக்க வேண்டும். 250 கிலோ எடையுள்ள, நடுத்தர வேலை செய்யும் குதிரைக்கு நாளொன்றுக்குக் கீழ்க்கண்டவாறு கொடுக்கலாம்:

அருகு முதலிய பசும்புல் – 12 கிலோ
உலர்ந்த புல் – 1 கிலோ
வேலிமசால் அல்லது அகத்தித் தழை – 2 கிலோ
ஊறவைத்து வேகவைத்த கொள்ளு (வேகவைக்கும் முன் எடை) – 1 கிலோ, இரண்டு வேளையாக
சமையல் உப்பு – 30 கிராம்
தாது உப்புக் கலவை – 30 கிராம்

வேலை இல்லாத நாளில் கொள்ளைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். வேலிமசாலும் அகத்தியும் சுண்ணாம்புச் சத்து உள்ளவை. ஆகவே அவற்றை விடாமல் சேர்ப்பது நல்லது. வேலியோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் இவற்றை எளிதாக வளர்க்கலாம். தீவனத்தை மணல் தரையில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள். புல்லோடு மணலும் உள்ளே போனால் குடலில் படிந்து வலி உண்டாகும்.

குளம்பும் கொட்டகையும்

நாகை மாவட்டம் கோடிக்கரை வனவிலங்குச் சரணாலயத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகள் உள்ளன. அவற்றுக்குத் தீவனம் வைப்பாரும் இல்லை, லாடம் அடிப்பாரும் இல்லை. அவை நாள் முழுவதும் நடந்து மேய்கின்றன. மழைக்காலத்தில் நிற்பதற்கு மேடான மணல் திட்டுகள் உண்டு. காவிரிப் படுகையின் கடைமடையிலேயே குதிரை வாழ முடியும் என்பதற்கு இவை சான்று. நாம் கொட்டகையில் கட்டும்போது அந்த மேட்டையும் அந்த நடையையும் நாமே ஏற்படுத்தித் தர வேண்டும்.

கொட்டகைத் தரை சுற்றுப்புறத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு அடி உயர்ந்து, நீர் வடிய வாட்டமாக இருக்க வேண்டும். மட்டக்குதிரைக்குப் பத்துக்குப் பத்து அடியும், பெரிய குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியும் இடம் தேவை. சாணமும் மூத்திரமும் தேங்கிய ஈரத் தரையில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியில் முக்கோணமாக உள்ள மெத்தைப் பகுதி அழுகிக் கறுத்து நாற்றம் வீசும். தினமும் காலை மாலை இரு வேளையும் நான்கு குளம்புகளையும் தூக்கி, குளம்புக் கொக்கியால் அழுக்கை நீக்கிப் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். நொண்டலைத் தடுக்க இது பெரிதும் உதவும்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். தார்ச்சாலையில் ஓடும் குதிரைக்கு லாடமும் அவசியம். மாட்டு லாடம் பிளவுபட்ட குளம்புக்கு இரு துண்டாக அடிப்பது. குதிரை லாடம் ஒரே வளையம். மாட்டுக்கு மட்டும் அடித்துப் பழகியவரிடம் குதிரையைக் கொடுக்காதீர்கள். ஆணி உயிர்ப்பகுதியில் ஏறிவிட்டால் நொண்டலும் சீழும் வரும். ரண ஜன்னியும் வரக்கூடும்.

வெப்பமும் வியர்வையும்

குதிரை மனிதனைப் போல நன்றாக வியர்த்துத்தான் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும். நம் கடற்கரைப் பகுதியின் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. குளிர் நாட்டிலிருந்து வந்த வார்ம்பிளட், தரோபிரெட் குதிரைகளில் சில, இத்தகைய காற்றில் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. தோல் உலர்ந்து, மூச்சு வாங்கி, உடல் கொதிக்கும். அப்படிப்பட்ட குதிரையைத் தொடர்ந்து ஓட்டினால் மயங்கி விழும். ஆகவே பயிற்சி விடியற்காலையிலும் மாலையிலும் மட்டுமே இருக்கட்டும். வேலை முடிந்ததும் சிறிது நேரம் மெதுவாக நடத்தி, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி வழித்துவிட வேண்டும். பெரிய வெளிநாட்டுக் குதிரையைவிட மார்வாரியும் நாட்டு மட்டமும் நமக்கு ஏற்றவை என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முக்கிய நோய்கள்

வயிற்று வலி: குதிரை தரையைக் காலால் பறிக்கும்; விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்; படுத்துப் புரளும்; சாணம் போடாது. உடனே தீவனத்தை அகற்றிவிட்டு மருத்துவரை அழையுங்கள். புரளாதபடி மெதுவாக நடத்தலாம். களைக்கும்படி ஓட்டக் கூடாது. மூங்கில் குழாய் வைத்து எண்ணெய் புகட்டுவது மிகவும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

ரண ஜன்னி: எல்லாக் கால்நடைகளிலும் குதிரைக்கே இது எளிதில் வரும். முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசிகளும், பிறகு ஆண்டுக்கு ஒன்றும் போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அவசியம்.

சர்ரா: ரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் பரப்பும் நோய். மாடும் எருமையும் இக்கிருமியை நோய்க்குறி இல்லாமலே சுமந்துகொண்டிருக்கலாம். குதிரைக்கோ சிகிச்சை இல்லாவிட்டால் மரணம். விட்டு விட்டு வரும் காய்ச்சல், கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் மெலிவு ஆகியவை அறிகுறிகள். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு. குதிரையை மாட்டுக் கொட்டகையிலிருந்து தள்ளிக் கட்டுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

கிளாண்டர்ஸ்: மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளும் உண்டாகும். மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக் கூடியது. 2006 முதல் இந்தியாவின் பல மாநிலங்களில் இது மீண்டும் தலைகாட்டியுள்ளது. நோய் உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக் கொலை செய்ய வேண்டும். ஆகவே வாங்குமுன் ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்நோய்க்கான பரிசோதனை செய்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வயதைப் பல்லில் பாருங்கள். கீழ் முன்வரிசையின் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரை வயதிலும், ஓரப்பற்கள் நாலரை வயதிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறையும். மேல் ஓரப்பல்லில் சுமார் பத்து வயதில் ஒரு பள்ளக்கோடு தொடங்கி, பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வந்து, இருபதில் முழுப் பல்லுக்கும் நீளும்.

நடையைக் கெட்டித் தரையில் பாருங்கள். முதலில் நடக்கவிட்டு, பிறகு துள்ளோட்டம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வலிக்கும் முன்னங்கால் தரையில் ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும். நான்கு குளம்புகளையும் தூக்கி மோந்து பாருங்கள். ஓய்வாக நிற்கையில் மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16, நாடித் துடிப்பு 28 முதல் 44 இருக்கலாம். மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பதும் உண்டு; ஆகவே ஒரே பார்வையில் முடிவு செய்யாமல், முடிந்தால் கால்நடை மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாங்கி வந்த புதுக் குதிரையை மூன்று வாரம் தனியே கட்டி வைத்துக் கவனியுங்கள்.

சிகிச்சைக்கு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தையும், ஒரத்தநாட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

முடிவாக ஒன்று. குதிரை வாங்க நினைக்கும் விவசாயி முதலில் மேடான கொட்டகையைப் போட வேண்டும். அடுத்து, ஐந்து சென்ட் நிலத்திலாவது புல்லும் வேலிமசாலும் வளர்த்து, போதாததற்கு நல்ல புல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பிறகு, குதிரை லாடம் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகே சந்தைக்குப் புறப்பட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பணத்தை ஒரு நல்ல உம்பளச்சேரிப் பசுவில் போடுங்கள். அது நம் சேற்றையும் வைக்கோலையும் தாங்கும்.